புது டயருக்கு வந்த காய்ச்சல்

ஓய்வு பெற்ற கையோடு நர்சம்மாவின் வீட்டுக்காரர் வாங்கி வந்த வண்டியைப் பார்த்துச் சிரிக்காத உறவுக்காரர்களே கிடையாது. கட்டில், அடுப்பு, கழிப்பறை என்று ஒரு குட்டி வீட்டையே முதுகில் சுமந்து ஓடும் மோட்டார் ஹோம் அது. "இருக்கிற வீட்டைப் பெருக்கவே ஆளைக் காணோம், இதுல ஓடுற வீடு வேறயா?" என்று முதலில் கேட்டவள் நர்சம்மாதான்.

அக்காவுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆன பிறகு சிரிப்பெல்லாம் அடங்கிப்போனது. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. இருவரும் ஒரே குடும்பத்துக்கு மருமகள்களாக வந்து, சண்டை போட்டுச் சண்டை போட்டே ஒட்டிக்கொண்டவர்கள். படுத்தபடியேதான் பயணம் செய்யலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்காவின் மகனோ வெகுதூரத்து ஊரில் பேக்கரி வைக்கிறான். நாளைக் காலை திறப்பு. அங்கிருக்கும் ஆஸ்பத்திரிச் சமையலறைதான் முதல் ஆர்டர் கொடுத்திருந்தது.

"அம்மா கையாலதான் அடுப்பைப் பத்த வைக்கணும் சித்தி" என்று அவன் போனில் சொல்லியிருந்தான். "பேக்கரின்னதும் வீட்ல எல்லாரும் மூஞ்சியத் தூக்குனாங்க. அம்மா மட்டும்தான் 'பண்ணுடா'ன்னு சொன்னாங்க. அவங்க வரலைன்னா எனக்கு ஆர்டரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." பிடிவாதத்தில் அவன் அம்மாவையே உரித்து வைத்திருந்தான். அப்பா முன்கூட்டியே போய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் மசியவில்லை.

ஆக, அந்த வண்டி போய்ச் சேர்ந்தால்தான் ஒரு பையனின் கடை திறக்கும்.

பாதி வழியில், வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில், பக்கத்தில் வந்த லாரிக்காரர் ஒருவர் ஹாரன் அடித்துப் பின்சக்கரத்தைக் கை காட்டினார். வீட்டுக்காரர் சாலையோரத்து டயர் கடை ஒன்றில் வண்டியை ஓரங்கட்டினார். இறங்கி, பின்னால் இடது பக்கத்து டயரைத் தொட்டவர், தோசைக்கல்லைத் தொட்டதுபோலக் கையை உதறினார்.

"என்ன தம்பி, வந்துட்டோமா?" என்று உள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"இல்லண்ணி, டீ குடிக்க நிறுத்தினேன்."

"பொய் சொல்றப்ப உன் குரல் கீச்சுனு போகும். சின்னப் பையன்லேர்ந்து எனக்குத் தெரியும். என்ன ஆச்சு?"

டயர் கடைக்காரர் சிடுசிடுவென்று வந்தார். வலது கையில் ஒரு அழுக்குத் துணி சுற்றியிருந்தது. சக்கரத்தைத் தொட்டதும் தீர்ப்புச் சொன்னார்: "பிரேக் விட மாட்டேங்குது. உள்ள கழட்டிப் பாக்கணும். சாமான் வர நாளை மறுநாள் ஆகும்."

"நாளை மறுநாளா!" வீட்டுக்காரரின் முகம் விழுந்துவிட்டது.

"பின்ன, நான் என்ன மந்திரமா போட முடியும்? இல்ல, எனக்குத்தான் நாலு கை இருக்கா?"

நர்சம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அவள் பார்வை அந்தத் துணியிலேயே இருந்தது. "கைய நீட்டுங்க" என்றாள். அவர் முறைத்தார். "நீட்டுங்கன்னா நீட்டுங்க." வார்டில் பெரிய பெரிய ஆட்களையெல்லாம் ஊசிக்குத் திரும்பிப் படுக்க வைத்த குரல் அது. அவர் கை தானாக நீண்டது. சைலன்சரில் பட்ட சூட்டுக் காயம், கொப்புளம் உடைந்திருந்தது. அவள் கழுவி, மருந்து தடவிக் கட்டுப் போட்டாள். கட்டு முடியுமுன் அவர் குரலே இறங்கிவிட்டது.

"கூட்டாளி ஊருக்குப் போயிட்டான்மா. ரெண்டு பேர் வேலைய ஒருத்தனா பாக்குறேன். அதான் வாய் கொஞ்சம்..."

"அதெல்லாம் பரவாயில்ல" என்றாள் அவள். 'ஆண்டவா, ஒரு வழி காட்டு' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு டயரைப் பார்த்தாள். காய்ச்சல் என்று வருபவனுக்குத் தொட்டுப் பார்த்தே மருந்து எழுதுவதை அவள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

அப்போதுதான் பேக்கரிக்காக வாங்கிய பரிசு ஞாபகம் வந்தது. துப்பாக்கிபோல நீட்டி விசையை அழுத்தினால், தூர இருந்தே அடுப்பின் சூட்டை எண்ணில் காட்டும் வெப்பமானி. பளபளக்கும் காகிதத்தைச் சுற்றி, நாடா கட்டி வைத்திருந்தாள். சரக்கென்று கிழித்தாள்.

"அய்யோ, அது எம் புள்ளைக்கு வாங்கினதுடி!" என்றாள் அக்கா ஜன்னல் வழியே.

"உங்க புள்ளைக்காகத்தான் பிரிக்கிறேன், சும்மா படுங்கக்கா."

முதலில் பின்னால் இடது வெளி டயர். எழுபத்தெட்டு டிகிரி. அதை ஒட்டியே உள்பக்கம் இன்னொரு டயர். பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர்கள் ஜோடியாக ஓடும் வண்டி அது. உள் டயர் நாற்பத்தெட்டுதான்.

"வெயில்மா. இடப்பக்கம் மத்தியானத்துலேர்ந்து வெயில் அடிக்குது" என்றார் கடைக்காரர்.

அவள் இடது முன்சக்கரத்தைச் சுட்டாள். அதுவும் ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலேதான் காட்டியது. "இதுக்கும் அதே வெயில்தானே? இது மட்டும் நிழல்லயா ஓடுச்சு?"

பிறகு சக்கரத்தின் நடுவே இருந்த இரும்பைச் சுட்டாள். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எண் ஐம்பதைத் தாண்டவில்லை. அவர் நெற்றி சுருங்கியது. "பிரேக் பிடிச்சிருந்தா முதல்ல இந்த இரும்புதான் கொதிக்கணும். அப்புறம்தான் டயருக்குச் சூடு ஏறும். ரெண்டு டயருக்கும் ஒரே பிரேக் வேற. அதனால சுட்டா ரெண்டுமே சுடணும்." தன் தீர்ப்பைத் தானே எடுத்துப் பார்க்கும் பெருந்தன்மை அவருக்கு இருந்தது. இரண்டு டயரிலும் காற்றை அளந்தார். வித்தியாசமே இல்லை.

வீட்டுக்காரர் இடது பக்கத்தைவிட்டு நகரவேயில்லை, குற்றவாளியைப் பிடித்துவிட்டவர்போல அங்கேயே குத்துக்காலிட்டிருந்தார். நர்சம்மா வண்டியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனாள். ஒரு கால் வீங்கியிருந்தால் மறு காலையும் பார்க்காமல் விடுவது அவள் வழக்கமில்லை. வலது உள் டயர் நாற்பத்தாறு. வெளி டயர் எழுபத்திரண்டு! கைவைத்துப் பார்க்கும்போது வலது பக்கத்தை யாருமே தொடவில்லை.

"இங்கயும் வெளியில இருக்கறதுக்குத்தான் காய்ச்சல்!" என்று கத்தினாள்.

கடைக்காரர் மெல்ல நிமிர்ந்து வீட்டுக்காரரைப் பார்த்தார். "சார், டயர் எப்ப மாத்துனீங்க?"

"போன வாரம். ரெண்டு மட்டும். பின்னாடி வெளி டயர் ரெண்டும் ஓரத்துக் கல்லுல உரசிக் கிழிஞ்சுபோச்சு."

"புதுசு ரெண்டையும் அங்கயே போடச் சொல்லி யார் சொன்னா?"

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "அந்தக் கடைக்காரர் முன்னாடி போடலாம்னுதான் சொன்னார். நான்தான்... கடை திறப்புக்கு எல்லாரும் வருவாங்க. பின்னாடி வெளிப்பக்கம்னா புதுசு பளிச்சுனு கண்ணுல படும்னு..."

குரல் கீச்சென்று போனது. இந்த முறை உண்மையைச் சொல்லும்போதே.

"மாப்பிள்ளைக்குப் புதுச் செருப்பு போட்டுப் பார்த்த மாதிரி!" என்று அக்கா உள்ளே சிரித்தாள். சிரிக்கக் கூடாது, முதுகு வலிக்கும். ஆனாலும் சிரித்தாள். "ஏன்டி, அன்னைக்கு உங்க வீட்டுப் பீரோவைத் தூக்குனாங்களே, ஞாபகம் இருக்கா? நெட்டையா ஒருத்தன், குட்டையா ஒருத்தன், ரெண்டு பேரும் ஒரே பக்கம் தோள் கொடுத்தானுங்க. பாரமெல்லாம் நெட்டையன் தலையில. குட்டையன் சும்மா கையத் தூக்கிக்கிட்டு கூடவே நடந்து வந்தான். வேர்வை யாருக்கு? நெட்டையனுக்கு!"

கடைக்காரர் ஜன்னலைப் பார்த்துக் கும்பிடாத குறைதான். "அதேதாம்மா! புதுசு உயரம். பழசு தேஞ்சு குள்ளமாயிடுச்சு. பாரம் முழுக்கப் புதுசு மேல. ஒரு நேரான குச்சி இருந்தா இப்பவே காட்டிடலாம்."

ஜன்னல் வழியே அக்காவின் ஊன்றுகோல் வெளியே வந்தது.

ஜாக்கி வைத்துச் சக்கரங்களைத் தூக்கினார்கள். இரண்டு டயர்களின் மேலும் படும்படி அவர் கோலைக் கிடத்தினார். வெளி டயரில் கோல் ஒட்டி நின்றது. உள் டயருக்கும் கோலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. விரல் நுழையும் அளவுதான். அந்த விரலளவுதான் ஒரு டயரை வேகவைத்து, இன்னொன்றைச் சும்மா உருட்டியிருந்தது.

நர்சம்மா அந்த வெளிச்சத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சுடுகிறதே என்று எல்லோரும் திட்டியது பக்கத்திலிருப்பதன் பங்கையும் சேர்த்துச் சுமந்த டயரை. மனிதர்களும் அப்படித்தான். வார்டில் எரிந்து விழுந்த நர்சுகளில் பாதிப்பேர் இரண்டு ஷிப்ட் பார்த்தவர்கள். காலையில் அவளே வீட்டுக்காரர்மேல் எரிந்து விழுந்திருந்தாள். ஆபரேஷன் ஆனதிலிருந்து ராத்திரிகளில் அக்காவைப் புரட்டிப் படுக்கவைப்பது அவள் ஒருத்திதான்.

"ஆறு சக்கரமும் ஒரே அளவு" என்றார் கடைக்காரர். "புதுசு ரெண்டும் முன்னாடி போகட்டும். முன்னாடி இருக்கிற ரெண்டு பழசும் பின்னாடி வரட்டும். பின்னாடி நாலும் ஒரே உயரமாயிடும். சாமானும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஆனா இந்தக் கையோட எனக்கு நேரமாகும். அங்க ஒருத்தர் வேற பஞ்சருக்குக் காத்திருக்கார்."

காத்திருந்தவர் வேறு யாருமில்லை, கை காட்டிவிட்டுத் தன் பஞ்சருக்காக இதே கடைக்கு வந்து நின்ற லாரிக்காரர். அவர் சட்டைக் கையை ஏற்கெனவே மடித்துக்கொண்டிருந்தார். "படுத்த படுக்கையா ஒரு அம்மா இருக்காங்க, என் பஞ்சர் எங்க ஓடிடப் போகுது? ஸ்பானரை இங்க குடுங்க."

கடைக்காரர் சொல்லச் சொல்ல, லாரிக்காரரும் வீட்டுக்காரரும் மூச்சிரைக்க நட்டுகளைக் கழற்றினார்கள், மாட்டினார்கள், வரிசை மாறாமல் முறுக்கினார்கள். வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டை அன்றோடு தன் வாழ்நாளை முடித்துக்கொண்டது. கிளம்பும்போது நர்சம்மா கடைக்காரரிடம் மருந்துக் குப்பியையே கொடுத்துவிட்டாள். "கட்டைத் தினமும் மாத்துங்க. கூட்டாளி வந்ததும் ரெண்டு நாள் படுத்துத் தூங்குங்க."

நன்றாக ஓடிய பிறகு வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தினார். நர்சம்மா துப்பாக்கியோடு இறங்கினாள். இடது வெளி, இடது உள். வலது உள், வலது வெளி. வெயில் பட்ட பக்கம் ஒன்றிரண்டு கூடுதல், அவ்வளவுதான். ஐம்பதைச் சுற்றியே நான்கும் நின்றன.

"காய்ச்சல் விட்டிருச்சு!" என்றாள்.

வீட்டுக்காரர் ஆளில்லாத சாலையில் ஹாரனை விடாமல் அடித்தார். அக்கா உள்ளிருந்து கட்டிலைத் தட்டினாள். மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தவர், சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "இன்னிலேர்ந்து ராத்திரி அண்ணியப் பாத்துக்கறது ஒரு நாள் நீ, ஒரு நாள் நான். எப்படிப் புரட்டணும்னு சொல்லிக் குடு." நர்சம்மா அவர் தோளில் ஒட்டியிருந்த கிரீஸை முந்தானையால் துடைத்தாள், அது இன்னும் பரவியது.

மறுநாள் காலை பேக்கரி வாசலிலேயே வண்டி நின்றது. அப்பாவும் மகனும் பலகையோடு சேர்த்து அக்காவைத் தூக்கி, அடுப்பு எட்டும் இடத்தில் இறக்கினார்கள். அவள் நீட்டிய தீ, குப்பென்று நீலமாகப் பிடித்துக்கொண்டது. மகன் அழுதான், சிரித்தான், மூக்கைத் துடைத்தான். பிறகு கிழிந்த காகிதத்தோடு வந்த பெட்டியைப் பார்த்தான்.

"யாரு சித்தி இதைப் பிரிச்சது?"

"வழியில ஆறு பேருக்குக் காய்ச்சல் பார்க்க வேண்டியிருந்ததுடா" என்றாள் நர்சம்மா.

அடுப்பு சூடேறியதும் அக்கா படுத்தபடியே துப்பாக்கியை வாங்கினாள். இடது மூலையைச் சுட்டாள், வலது மூலையைச் சுட்டாள், எண்களைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே சூடு" என்றாள். "நிக்காதேடா, ஆஸ்பத்திரியில பசியோட இருப்பாங்க. தட்டை உள்ள தள்ளு!"