பட்டியலில் இல்லாத போன்

"இதுவும் இல்லம்மா" என்றான் ஜெரிஷ்.

கம்ப்யூட்டரின் கறுப்புத் திரை மறுபடியும் கடவுச்சொல் கேட்டது. பிறந்த நாள், கல்யாண நாள், அப்பா டெலிபோன் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த நாள், எல்லாம் அடித்துப் பார்த்தாயிற்று. முன்னறையில் சவப்பெட்டிக்குள் செல்வதாஸ் நிம்மதியாகப் படுத்திருந்தார். உயிரோடு இருக்கும்போது கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார் என்று எலிசா நினைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு வீட்டு ஜெபம். அது முடிந்ததும் பெட்டியை மூடிவிடுவார்கள். கோயிலில் வைத்துத் திறப்பதில்லை என்று கொரோனா காலத்தில் சபைக் கமிட்டி எடுத்த முடிவு இன்னும் அப்படியே இருக்கிறது. மஸ்கட்டில் இருக்கும் மகள் ஜாஸ்மிக்கு எட்டாம் மாதம். விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். "போட்டோ ஒண்ணும் வேண்டாம்மா. மூடுகதுக்கு முன்ன அப்பாவ நேருக்கு நேரா ஒருக்கா பாக்கணும்" என்று காலையில் அழுதாள். அதையும் எலிசா ரோட்டு முக்கில் நின்றுதான் கேட்டாள். சிதறால் மலைப்பாறை மறைப்பதால் வீட்டுக்குள் மொபைல் சிக்னல் எட்டாது. இருப்பது செல்வதாஸின் வைஃபை ஒன்றுதான்.

அங்கேதான் வில்லங்கம். ஏழு வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு மெயிலைத் திறக்கப்போய் கம்ப்யூட்டரில் வைரஸ் ஏறி, ஜாஸ்மியின் கல்யாணப் படங்கள் ஒன்றுவிடாமல் போயின. திறந்தது எலிசா. அன்றைக்கு அவர் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டார். மாதக்கணக்கில் வீடியோ பார்த்துப் படித்து, டிஸ்குக்கு ஒரு பூட்டு, அதைத் தாண்டினால் இன்னொரு பூட்டு, வைஃபைக்கு ஒரு பட்டியல் என்று வைத்தார். பட்டியலில் உள்ள கருவிக்குத்தான் நெட். அதில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் மட்டும். அவரே பட்டன் போன்தான் வைத்திருந்தார். மகன் லீவுக்கு வந்தபோது கேட்டதற்கு, "ரெண்டு நாளைக்கு எதுக்குலே?" என்றார். எலிசாவின் போனைச் சேர்க்கச் சொன்னபோது, "நீ எதையாவது அமுக்குவ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கடவுச்சொல் அடித்துத் திறந்து கொடுப்பார். எலிசா மகளோடு பேசுவாள். முடிகிறவரை பக்கத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். ஜாஸ்மியும் சுகம் விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்வாள். ரோட்டு முக்குக்குப் போனால், "ஊரு கேக்கவா பேசுக?" என்பார். ஒரு மெயிலுக்கு ஏழு வருஷம். இன்று விடியற்காலை அவர் முகத்தைத் துடைத்துவிட்டபோது அழுகைக்கு முன்னால் எலிசாவுக்கு ஆத்திரம்தான் வந்தது. அதை நினைத்துப் பயந்தும் போனாள்.

"நேரமாச்சு எலிசாம்மா" என்று சபை உபதேசியார் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

ஜெரிஷ் அலமாரி மேலிருந்த வைஃபை பெட்டியைப் பார்த்தான். "ஒரு வழி உண்டு. அதுக்க பின்னால ஓட்டையில ஊசிய வச்சு அமுக்கினா பழசெல்லாம் அழிஞ்சு புதுசா ஆயிரும். அப்பா வச்ச பட்டியல், பாஸ்வேர்டு ஒண்ணும் மிஞ்சாது."

"அத ஏம்லே காலையிலயே செய்யல்ல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அப்பாக்குப் பிடிக்காதுல்லா."

முப்பது வயதுக்காரன், திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை. எலிசாவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தோளில் சேலையைக் குத்தியிருந்த பின்னைக் கழற்றினாள். "எடு அத. எந்த ஓட்டை?"

அவளே அமுக்கினாள். ஜெரிஷ் பத்து வரை எண்ணினான். பச்சை விளக்குகள் மொத்தமாக அணைந்து, ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. அவன் தன் போனில் எதையெதையோ தட்டிவிட்டு நிமிர்ந்தான்.

"புது பாஸ்வேர்டு என்ன போடட்டும்மா?"

இந்த வீட்டில் அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. யோசித்தாள்.

"ஒண்ணும் வேண்டாம். தொறந்தே கெடக்கட்டு."

"நம்ம நெட்டுல கண்டவனும் கேறுவான்ம்மா."

"கேறட்டு."

முன்னறையில் ஜெபம் முடியவும் எலிசாவின் போனில் ஜாஸ்மியின் முகம் தெளியவும் சரியாக இருந்தது. எலிசா போனைப் பெட்டிக்கு மேலே பிடித்தாள். ஜாஸ்மி "அப்பா, அப்பா" என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். சுற்றி நின்ற பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டு அழுதார்கள். உபதேசியார் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு மூடியை வைத்து ஆணி அடித்தார்கள். எலிசாவும் அப்போதுதான் அழுதாள்.

அழுகை ஓய்ந்ததும் போனிலிருந்து ஜாஸ்மி மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, பக்கத்தில ஆரு இருக்கா?"

எலிசா நிமிர்ந்து பார்த்தாள். அறை நிறைய ஆட்கள். பெட்டியைத் தூக்க நான்கு பேர் குனிந்துகொண்டிருந்தார்கள்.

"ஆருமில்ல மக்களே. சொல்லு."

ஜாஸ்மி வாயைத் திறந்தாள். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள். பெட்டி வாசல்படி தாண்டியது. எல்லோரும் பின்னால் போனார்கள். எலிசா போனைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாள்.