மகாராணியின் பிளக்

காலை ஆறு மணிக்கு அவள் அன்றைய முதல் பிளக்கைப் பிடுங்கினாள். சுவிட்சைக் கீழே தள்ளி, வளையத்தை இடப்பக்கம் திருகி, இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். கேபிளைச் சுருட்டிக் கொக்கியில் மாட்டுவதற்குள் பெட்டியின் விசிறி நீளமாக மூச்சு விட்டு ஓய்ந்தது. கதவுக்கு மேலிருந்த சின்னத் திரை அணைந்தது. அட்டையில் நேரத்தையும் வெப்பநிலையையும் எழுதினாள். மைனஸ் பதினேழா, மைனஸ் பதினாறா என்று சந்தேகம் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் திரையில் ஒன்றும் இல்லை. இனிமேல் எழுதிவிட்டுத்தான் பிடுங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். நேற்றும் இதையேதான் நினைத்திருந்தாள்.

துறைமுகத்தின் குளிர்ப்பெட்டி யார்டில் அவளுக்கு ஆறு வருட வேலை. லாரியில் வரும் கன்டெய்னர் பெட்டிகளுக்குக் கப்பல் ஏறும் வரை மின்சாரம் கொடுப்பது, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றின் குளிரையும் பார்த்து எழுதுவது, இவ்வளவுதான். சாதாரண நாளில் எந்தப் பெட்டியும் மூன்று நாளுக்கு மேல் நிற்காது.

இருபத்திரண்டு நாளுக்கு முன்னால், துறைமுகத்துக்கு வரும் ஒரே கால்வாயில் பெரிய கப்பல் ஒன்று குறுக்கே தரைதட்டிப் படுத்துக்கொண்டது. உள்ளே வர வேண்டிய கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நின்றன. லாரிக்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. முதல் வாரம் பூராவும் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. இருந்தது தொண்ணூறு பிளக். சேர்ந்தது நூற்று அறுபத்து மூன்று பெட்டி. அதனால் முறை வைத்தார்கள். ஒரு பெட்டிக்கு ஆறு மணி நேரம் மின்சாரம், ஆறு மணி நேரம் ஓய்வு. பதினேழாம் நாள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தது. ஆறு மணி நேரம், நாலு மணி நேரமாகக் குறைந்தது. அதுவும் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை.

"அதுக்கு மாத்து சாமான் எங்க இருக்கு தெரியுமா?" என்று எலக்ட்ரீசியன் கேட்டார். கடலைப் பார்த்துக் கையை நீட்டினார். "அதோ, இடப்பக்கத்துலேர்ந்து மூணாவது கப்பல். கண்ணால பாத்துக்கலாம். கையால தொட முடியாது."

கப்பல்களை நெடுநேரம் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. முப்பது இருக்கும். வெள்ளை மூட்டத்தில் பாதி கரைந்தவை போல் நிற்கும். மேல்தளத்தில் ஆள் நடமாட்டம் கிடையாது. கடலின் ஓட்டம் மாறும் நேரத்தில் முப்பதும் ஒன்றாக, ஒரு சத்தமும் இல்லாமல், கரைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும்.

யார்டிலும் ஓசைகள் மாறிவிட்டன. முன்பெல்லாம் எல்லா விசிறிகளும் ஓடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். இப்போது பாதிக்கு மேல் மௌனம். அந்த மௌனத்தில் ஓய்வில் இருக்கும் பெட்டிகள் சத்தம் போட்டன. வெயில் ஏற ஏறத் தகரம் விரியும். டக். கொஞ்சம் பொறுத்து, டக் டக். உள்ளேயிருந்து யாரோ விரலை மடக்கித் தட்டுவதுபோல. காரணம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன தெர்மாமீட்டர், எல்லாருக்கும் காய்ச்சல் பாத்தாச்சா?" என்றார் எலக்ட்ரீசியன். யார்டில் அவளுக்கு அதுதான் பெயர். கதவில் கையை வைத்தே உள்ளே எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவாள்.

"பாத்தாச்சு அண்ணே. மகாராணி மட்டும் நல்லா இருக்காங்க."

"அவங்களுக்கு என்ன குறைச்சல்!"

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல் வந்திருந்தது. ஏழு பெட்டிகளுக்குச் சிவப்பு ஒட்டு. என்ன ஆனாலும் அவற்றின் மின்சாரத்தை நிறுத்தக் கூடாது. வரிசையின் கடைசியில் நின்ற சிவப்புப் பெட்டிக்கு இவர்கள் வைத்த பெயர்தான் மகாராணி. பெரிய கம்பெனியின் பெட்டி. இருபத்திரண்டு நாளாக மைனஸ் இருபதில் அசையாமல் இருந்தது.

மகாராணிக்குப் பக்கத்தில் நின்றது அக்கா பெட்டி.

அவளுடைய அக்கா மீன் பதப்படுத்தும் கொட்டகையில் வேலை செய்தாள். நாற்பது பெண்கள் தோலுரித்து, முள்ளெடுத்து, அடுக்கி, உறைய வைத்த மீன் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. கொட்டகை முதலாளிக்கு வேறு பெட்டி கிடையாது. இது போய்ச் சேர்ந்தால் அடுத்த பருவம் உண்டு. சேராவிட்டால் கதவை இழுத்துப் பூட்டிவிடுவேன் என்று எல்லாரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். மைனஸ் பன்னிரண்டைத் தாண்டி மேலே ஏறிவிட்டால் வாங்குபவன் தொட மாட்டான்.

சாயங்காலம், இருவரும் குடியிருந்த மாடி அறைக்கு வந்ததும் அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"எவ்வளவுடி?"

"மைனஸ் பதிமூணரை."

"நேத்து பதினாலுன்னே."

"முறை குறைஞ்சிடுச்சுக்கா. ராத்திரி நாலு மணி நேரம்தான்."

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கி, வேறு யாருடையதோ போல் மடியில் கிடந்தன.

"கொட்டகையில எல்லாரும் என்னைத்தான் கேக்கறாளுங்க. உன் தங்கச்சி அங்கதானே இருக்கா, அவ பாத்துக்க மாட்டாளான்னு. நான் என்ன சொல்ல?"

"நான் என்னக்கா பண்ணுவேன்? நான் பிளக் பிடுங்கறவ."

"செருகறவளும் நீதானே?" என்றாள் அக்கா.

அந்தப் பேச்சு அவளை விடவில்லை. இன்னொன்றும் விடவில்லை. ஒன்பதாம் நாள், மகாராணியின் திரையைத் துடைக்கும்போது முழங்கை பெட்டியின் பக்கத்தில் இடித்திருந்தது. நிறைந்த பெட்டியை இடித்தால் மூட்டையில் குத்தியதுபோல் சத்தம் அங்கேயே செத்துவிடும். இது சாகவில்லை. நீளமான அறைக்குள் ஒரு தடவை நடந்து போய், சுவரைத் தொட்டுத் திரும்பி வந்தது. தன் காதில்தான் கோளாறு என்று நினைத்தாள். மகாராணியை மூன்று இடத்திலும், பக்கத்துப் பெட்டிகளை மூன்று மூன்று இடத்திலும் தட்டினாள். பிறகு சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னாள்.

"சீல் இருக்கா?" என்றார் அவர்.

"இருக்கு சார்."

"அப்ப உள்ள சரக்கு இருக்கு."

"கழுவின காலிப் பெட்டிக்கும் சீல் போடுவாங்களே சார்?"

"காலிப் பெட்டிக்கு யாராவது சிவப்பு ஒட்டுவானா? பேப்பர்ல சிவப்பு. சிவப்புன்னா சிவப்பு. உனக்கு எதுக்கு இந்த டாக்டர் வேலை?"

சீலை வெட்ட அந்தக் கம்பெனியின் ஆள் கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனியின் ஆள் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்தார்.

மறுநாள், இருபத்து மூன்றாம் நாள், அக்கா பெட்டியின் திரை மைனஸ் பதிமூன்று காட்டியது. அதன் கேபிள் எட்டக்கூடிய பிளக் பாயிண்ட் இரண்டுதான். ஒன்று, டிரான்ஸ்ஃபார்மர் எரிந்த பிறகு இரவில் மட்டும் ஜெனரேட்டரில் உயிர் பெறுவது. இன்னொன்று மகாராணியுடையது. ஏழு மணிக்கு அவள் மகாராணியின் சுவிட்சைக் கீழே தள்ளினாள். வளையத்தைத் திருகினாள். கேபிளை மாற்றினாள். அக்கா பெட்டியின் விசிறி இருமிக்கொண்டு எழுந்தது.

வரிசையின் முனையில் எலக்ட்ரீசியன் நின்றுகொண்டிருந்தார். அவள் கையையே பார்த்தார். பிறகு கண்ணைக் கசக்கினார்.

"தூசி," என்றார். "காலையிலேர்ந்து ஒண்ணும் தெரிய மாட்டேங்குது." திரும்பி நடந்தார்.

எட்டரை மணிக்கு மகாராணி சத்தம் போட ஆரம்பித்தது. மற்றப் பெட்டிகளின் டக் டக் போல் இல்லை. கதவுப் பக்கம் ஒன்று கேட்டது. அடுத்தது நடுவில். அப்புறம் கடைசியில். ஒருவர் வெறுங்கையை வீசிக்கொண்டு உள்ளே மெதுவாக உலாத்துவது போலவும், கதவுக்கு வந்து நின்று கேட்பது போலவும் இருந்தது. அவள் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். சூரியன் நகர நகரத் தகரம் வரிசையாக விரிகிறது என்று தனக்குத் தானே சொன்னாள். ஆனாலும், "யாரு?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். கேட்டதற்காக வெட்கப்பட்டாள். உள்ளே சத்தம் நின்றது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பதினோரு மணிக்கு மகாராணிக்கு மின்சாரம் திரும்பியது. திரை மைனஸ் ஆறு என்றது. நிறைந்த பெட்டி நாலு மணி நேரத்தில் ஒரு டிகிரி ஏறும், வெயில் கடுமையாக இருந்தால் இரண்டு. பதினாலு டிகிரி ஏற, உள்ளே காற்றைத் தவிர ஒன்றும் இருக்கக் கூடாது.

அட்டையில் மகாராணியின் கட்டம் காலியாக இருந்தது. அதற்கு மேலே இருபத்திரண்டு நாளும் ஒரே எண். இன்னொரு மைனஸ் இருபது எழுதினால் முடிந்தது. பென்சில் கட்டம் வரை போனது. கை எழுதவில்லை. பார்க்காததை அவள் எழுதியதே கிடையாது. அதுவுமில்லாமல், இந்த அட்டைகளை யார் படிக்கிறார்கள்? மாதம் முடிந்தால் சணலால் கட்டி அலுவலக மாடிப்படிக்கு அடியில் போடுவார்கள். ஆறு வருடத்தில் ஒரு கட்டைக்கூட யாரும் அவிழ்த்து அவள் பார்த்ததில்லை. 'ஏழு முதல் பதினொன்று வரை நிறுத்தம். மைனஸ் ஆறு' என்று எழுதி, வழக்கம்போல் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று நாள் இப்படி நடந்தது. அக்கா பெட்டி மைனஸ் பதினேழுக்கு இறங்கியது. கொட்டகைப் பெண்கள் அக்காவின் கையில் ஒரு பொட்டலம் பலகாரம் கொடுத்தனுப்பினார்கள்.

"உன் பேரைச் சொல்லி ஒருத்தி அழுதாடி," என்றாள் அக்கா. "உனக்கு வேலைக்கு ஒண்ணும் வராதே?"

"வராதுக்கா. அது காலிப் பெட்டி."

"பாத்தியா?"

"பாக்கலை. தெரியும்."

இருபத்தாறாம் நாள் இன்சூரன்ஸ்காரர் வந்தார். மெலிந்த, இருமல் பிடித்த மனிதர். எங்கேயோ பெட்டிகள் கெட்டுப்போனதால் எல்லா யார்டுக்கும் ஆள் அனுப்பியிருந்தார்களாம். நாற்காலியை யார்டு நடுவிலேயே போடச் சொல்லி, அட்டைகளைக் கேட்டு வாங்கினார். ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே நகர்த்திப் படித்தார். இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு ஸ்கேல் ஒரு வரியில் நின்றது.

சூப்பர்வைசர் அவள் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார். "நிறுத்தினது இருக்கட்டும். அதை ஏம்மா எழுதினே?"

"அதுதான் சார் காட்டுச்சு."

சீலை வெட்ட இன்சூரன்ஸ்காரருக்கு அதிகாரம் இருந்தது. எலக்ட்ரீசியன் கம்பியைக் கத்தரித்து, தாழ்ப்பாள்களைத் தூக்கி, இரண்டு கதவையும் இழுத்தார். வெள்ளைப் புகை உருண்டு வந்து எல்லார் காலையும் மூடியது. அது விலகியபோது உள்ளே பெட்டியின் நீளம் மட்டும் இருந்தது. சுவரிலும் தரையிலும் மாவு தூவியது போல் உறைபனி. ஒரு அட்டைப்பெட்டி இல்லை, ஒரு கயிறு இல்லை. சூப்பர்வைசர் உள்ளே போய், "ஒண்ணுமே இல்லையே!" என்றார். அவர் சொன்னது இன்னொரு தடவை உள்ளேயிருந்து வந்தது.

இன்சூரன்ஸ்காரர் தாள்களைப் புரட்டினார். "சரக்கு ஏத்தறதுக்கு முன்னாடி குளிர வைக்கச் சொன்ன பெட்டி. ஏத்த வேண்டிய சரக்கு கப்பல்ல வரணும். கப்பல் வரலை. நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோணலை."

எலக்ட்ரீசியன் சிரித்துவிட்டார். "அப்ப இத்தனை நாளா காத்தையா பத்திரப்படுத்தினோம்?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. தட்டிப் பார்த்ததும், பதினாலு டிகிரியும், எல்லாம் சரி. "நான் அப்பவே சொன்னேன் சார்," என்றாள்.

"உள்ள காத்தா கல்லாங்கிறது என் வேலை இல்லைம்மா," என்றார் இன்சூரன்ஸ்காரர். குரலில் கோபம் இல்லை. "உத்தரவு மைனஸ் இருபது. மூணு நாள் மீறியிருக்கு. மீறினது யாருன்னு நான் எழுதியாகணும். வேற எந்தச் சிவப்புப் பெட்டி அட்டையிலயும் மீறலே இல்லை. எல்லாம் ஒரே எண்ணு. உன் அட்டையில மட்டும்தான் இருக்கு, கையெழுத்தோட."

அவள் சூப்பர்வைசரைப் பார்த்தாள். அவர் கடலைப் பார்த்தார்.

"கேட் பாஸைக் குடுத்துடும்மா," என்றார். "கணக்கு முடிச்சுத் தர ரெண்டு மணி ஆகும். உக்காரு." பிறகு எலக்ட்ரீசியனிடம், "இதுக்கு லைன் குடுங்க. பக்கத்துப் பெட்டிக்குப் பகல்ல குடுக்க வேணாம்," என்றார்.

"சார், காலின்னு தெரிஞ்சப்புறமுமா?"

"சிவப்பை எடுக்கச் சொல்லி பேப்பர் வரட்டும்."

"பேப்பர் எப்ப வரும்?"

சூப்பர்வைசர் கதவுகளைச் சாத்தி, புது சீலை மாட்டினார். அதன் எண்ணை இன்சூரன்ஸ்காரர் இரண்டு தடவை சரிபார்த்து எழுதிக்கொண்டார்.

அவளை உட்காரச் சொன்ன பெஞ்சு யார்டின் ஓரம், வெயிலில் இருந்தது. எலக்ட்ரீசியன் அக்கா பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, கேபிளைச் சுருட்டிக் கொக்கியில் மாட்டினார். வழக்கத்தைவிட நிதானமாகச் சுருட்டினார். அவள் பக்கம் திரும்பவில்லை. மகாராணியின் விசிறி எழுந்து, ஒரே சுருதியில் ஓடத் தொடங்கியது.

பன்னிரண்டரை மணிக்கு அக்கா பெட்டியின் அடியில், வடிகுழாயின் வாயில், விசிறிப் பக்கத்து உறைபனி இளகி, ஒரு துளி திரண்டது. அது உடனே விழவில்லை. மீன் கண் அளவுக்குப் பெருத்து, வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. விழுந்த இடத்தில் சிமெண்ட் கறுத்தது. அவள் அலுவலகக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது துளி முதலாவதைவிடச் சீக்கிரம் விழுந்தது.