பெரியம்மாக்கள் எதில் போனார்கள்

காரோட்ட ஆள் வேண்டுமென்றுதான் மாமியார் அவனைக் கூப்பிட்டாள். அவன் வந்தது வேறு கணக்கில்.

ஆஸ்பத்திரியில் மரபணு ஆலோசகரின் மேஜைமேல் ரப்பரில் செய்த மார்பு ஒன்று கிடந்தது. அதைப் பார்க்காமலிருக்க மாமியார் ஏசியையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அக்காவுக்கு இருந்த அதே மரபணுக் கோளாறு உங்களுக்கும் இருக்கு," என்றார் ஆலோசகர், கொழுந்தியாளிடம். "வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கலாம். இல்ல, புற்று வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு மார்பையும் எடுத்துடலாம். முடிவு உங்களோடது. குடும்பத்துல வேற யாருக்கு, எந்த வயசுல வந்துச்சு?"

"எங்க வம்சத்துல யாருக்கும் கிடையாது," என்றாள் மாமியார்.

இதே பேச்சுதான். செத்துப்போன அவன் மனைவி முதன்முதலில் மார்புக் கட்டியைக் காட்டப் போனபோது, டாக்டர் அவளிடம் கேட்ட கேள்விக்கு மாமியார் முந்திக்கொண்டு சொன்ன பதில். சின்ன வயசு, குடும்பத்திலும் இல்லை, சாதாக் கட்டிதான் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அடுத்த தடவை போனபோது அது எலும்புவரை போயிருந்தது. அடக்கம் முடிந்த அன்று தூரத்துச் சித்தப்பா ஒருவர் குடித்துவிட்டு அழுதார்: "பெரியம்மாக்கள் மாதிரியே போயிட்டாளே!"

"உங்க அக்காங்க ரெண்டு பேரும் எதுல போனாங்க, அத்தை?" என்றான் அவன்.

"மஞ்சக்காமாலை."

"உங்க வீட்டுக் காமாலை பொம்பளைங்களை மட்டும்தான் பிடிக்குமா?"

கொழுந்தியாள் களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அம்மா, மாமா என்ன சொல்றாரு?"

"வண்டி ஓட்ட வந்தவரு வண்டிக்கிட்ட இருக்கணும்."

"வண்டி எங்கயும் ஓடிடாது. நீங்க சொல்லுங்க."

மாமியார் கைப்பையின் வாரை முறுக்கினாள். "மார்லதான். மூத்தவளுக்கு முப்பத்தி நாலு. அடுத்தவளுக்கு அதுகூட ஆகல. வெளிய தெரிஞ்சா உங்களை எவன்டி கட்டிக்குவான்?"

"அக்காவைத்தான் ஒருத்தரு கட்டிக்கிட்டாரே. எத்தனை நாளைக்கும்மா?"

இதைக் கேட்கத்தான் அவன் இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தான். வயிறு குளிர்ந்தது. போதவில்லை.

"இப்ப திருப்தியா, மாப்பிள்ளை?"

"இல்ல. இவளுக்கு நிச்சயம் பண்ணின வீட்டுக்கும் நீங்களே சொல்லணும்."

"கல்யாணம் முடியட்டும்..."

கொழுந்தியாள் ஆலோசகர் பக்கம் திரும்பினாள். "சர்ஜனை எப்ப பார்க்கலாம், மேடம்? எடுத்துடலாம்." பிறகு அம்மாவின் பையிலிருந்து போனை உருவி, நிச்சயித்த வீட்டு எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"சம்பந்தி, சொல்லுங்க!" குரலில் ஒரே குதூகலம்.

மாமியார் அவனைப் பார்த்தாள். தயவு கேட்கிற பார்வை.

அவன் போனை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.