வடதிசைச் சாமியிடம் ஒரு மலைப்பாம்பு கேட்டேன்

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருஷத்தில் நான் எதையும் கேட்டதில்லை. நகை கேட்கவில்லை, தனிக்குடித்தனம் கேட்கவில்லை, மாமனார் விடிவதற்கு முன்னால் அலறவிடும் ரேடியோவைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக்கூடக் கேட்டதில்லை. எட்டாவது வருஷம் வாயைத் திறந்தேன். ஒரு மலைப்பாம்பு வளர்க்க வேண்டும் என்றேன்.

மாமா சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். என் வீட்டுக்காரர் யோங்-மிங் உடனே தட்டில் இருந்த பால்மீனில் முள் தேட ஆரம்பித்துவிட்டார். ஏசி ரிப்பேர் செய்கிறவர். மெஷினுக்குள் சின்னச் சத்தம் வந்தாலும் கண்டுபிடிப்பார். வீட்டில் வாக்குவாதம் வந்தால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

"என்ன வேணும்னே?" என்றார் மாமா.

"மலைப்பாம்பு, மாமா. சின்ன ஜாதி. முழுசா வளர்ந்தாலும் நம்ம கடை ஷாம்பு நாற்காலி நீளம் வராது. விஷம் கிடையாது. பயந்துட்டா பந்து மாதிரி சுருண்டுக்கும், அவ்வளவுதான்."

"அது பயந்தா சுருண்டுக்கும். நான் பயந்தா எங்க போய் சுருண்டுக்கறது?"

முப்பது வருஷம் தைவானின் தைனான் நகருக்குள் பஸ் ஓட்டியவர். எதிரே லாரி வந்தாலும் அசராதவர் என்று தெருவே சொல்லும். அப்படிப்பட்டவர் முகம் வெளுத்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

எனக்கு ஏன் இந்த ஆசை என்று எல்லோரும் கேட்டார்கள். வீட்டின் முன்பக்கம் நான் தலை அலசும் கடை வைத்திருக்கிறேன். காலை முதல் மாலை வரை என் கை அடுத்தவர் தலையில் இருக்கும். ஒருநாள் ஒரு கல்லூரிப் பெண் கழுத்தில் துணிப்பையோடு வந்தாள். பைக்குள் பாம்பு. "கொஞ்சம் பிடிச்சிக்கிறீங்களா அக்கா, தலை நனைஞ்சா இது பயந்துக்கும்" என்று என் கையில் கொடுத்துவிட்டாள். அது நாக்கை நீட்டி என் விரலை முகர்ந்தது, உள்ளங்கைக்கு வந்து சுருண்டு அப்படியே இருந்துவிட்டது. அழுத்தித் தேய் என்று சொல்லவில்லை, தண்ணீர் சூடாக இருக்கிறது என்று குறை சொல்லவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பாம்புக்குட்டி விற்கும் லோ என்ற பையனிடம் முன்பணம் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை எனக்காக வைத்திருப்பான். அதற்குள் வராவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவான். இந்த வீடு மாமாவுடையது. அவர் 'ஆகட்டும்' என்று சொல்லாமல் ஒரு கரப்பான் பூச்சியைக்கூட நான் உள்ளே கொண்டுவர முடியாது.

மாமா கடைசி அஸ்திரத்தை எடுத்தார். கடைக்குப் பின்னால் கூடத்தில் எங்கள் வீட்டுச் சாமி இருக்கிறார். வடதிசைப் பேரரசர். கையில் வாள், வெறுங்கால். ஒரு காலுக்குக் கீழே ஆமை, இன்னொரு காலுக்குக் கீழே பாம்பு.

"பாத்தியா? சாமியே காலால மிதிச்சு வச்சிருக்கிற ஜந்துவை நீ மெத்தை போட்டு வளக்கப் போறியா?"

"மிதிக்கலை மாமா. அது ரெண்டும் அவரோட தளபதிங்க. நீங்கதானே பூசைக்குப் பூசை சொல்வீங்க? எத்தனை காலமா ஒரு பாம்பையும் ஒரு ஆமையையும் வச்சுக் காப்பாத்திட்டு வர்றாரு! இந்தத் தெருவுல அனுபவசாலி அவர் ஒருத்தர்தான்."

யோங்-மிங் சிரித்துத் தொலைத்தார். மாமா முறைத்த முறைப்பில் மறுபடி முள் தேடப் போனார்.

"வாய் மட்டும் குறைச்சலில்லை. சரி, அவரையே கேப்போம். மூணு தடவை தொடர்ந்து சரின்னு விழட்டும். விழலைன்னா இந்தப் பேச்சை விட்டுடணும்."

கேட்பதென்றால் பிறைக்கட்டைதான். பிறைநிலா வடிவில் இரண்டு மரத்துண்டு. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு. சாமியிடம் கேள்வியைச் சொல்லிக் கீழே போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று புடைப்பாகவும் விழுந்தால் 'சரி'. இரண்டும் புடைப்பு என்றால் 'இல்லை'. இரண்டும் தட்டை என்றால் சாமி சிரிக்கிறார், அது சரியும் இல்லை, மறுப்பும் இல்லை. சின்னக் கேள்விக்கு ஒரு தடவை போதும். பெரிய முடிவுக்கு மூன்று தடவை.

மாமா ஊதுபத்தி ஏற்றிக்கொண்டு, "சாமி, இந்த வீட்டுக்குள்ள ஒரு பாம்பு புகுந்தா உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டுப் போட்டார். இரண்டும் புடைப்பு.

"முடிஞ்சுது" என்று கையைத் தட்டிக்கொண்டார்.

"என்ன மாமா அநியாயம்! இப்படிக் கேட்டா எந்தச் சாமி சரின்னு சொல்லும்? திருடன் புகுந்தா சம்மதமான்னு கேக்கற மாதிரி இருக்கு!"

அப்போது கடையில் எங்கள் தெரு ஆ-கிம் அத்தை தலையில் சூட்டுத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தலை அலச வருவாள். அலசுவது சாக்கு, வம்பு பேசுவதுதான் வேலை. "பெய்-யுன், எனக்குப் பொய் பேசத் தெரியாது. பாம்பு வந்த அன்னைக்கு இந்தக் கடை வாசலை நான் மிதிக்க மாட்டேன்" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"வாசலை மிதிக்க வேண்டாம் அத்தை. பின்பக்கமா வாங்க, பாம்பு அங்கதான் இருக்கும்."

அவள் தொப்பியைத் தூக்கிக்கொண்டு என்னை முறைத்தாள்.

அந்த வாரம் முழுக்க நான் சும்மா இருக்கவில்லை. கூடத்துக்குப் பக்கத்துச் சின்ன அறையில் கூண்டு வந்து இறங்கியது. முன்பக்கம் நகர்த்தும் கண்ணாடிக் கதவு, அதற்குப் பூட்டு. ஒரு பக்கம் அடியில் சூட்டுப் பாய், அதைக் கட்டுப்படுத்த ஒரு கருவி. ஒரு பக்கம் வெதுவெதுப்பு, மறுபக்கம் குளிர்ச்சி. பாம்பு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு குகை. ஒரே ஒரு குகை வைத்தால் பாவம், சூடா பாதுகாப்பா என்று அது தவிக்கும். அடியில் தேங்காய்நார்த் துகள், ஈரமானி, கவிழாத தண்ணீர்க் கிண்ணம். உறைய வைத்த எலிகளுக்குத் தனியாக ஒரு குட்டி ஃப்ரீசர். மாமாவின் மீன் உருண்டைகள் இருக்கும் பெட்டியில் எலியை வைத்தால் பாம்புக்கு முன்னால் என்னை வெளியே அனுப்பிவிடுவார். பாம்பே இல்லாத கூண்டை ஓடவிட்டுச் சூடு ஒரே நிலையில் நிற்கிறதா என்று தினமும் பார்த்தேன். ஆ-கிம் அத்தை அதற்கும் சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

என் நச்சரிப்பு தாங்காமல் சனிக்கிழமை மறுபடி கேட்க மாமா ஒத்துக்கொண்டார். இந்த முறை கேள்வி என்னுடையது. "கூண்டு தயாரா இருக்கு சாமி. கொண்டுவரலாமா?" மாமா போட்டார். இரண்டும் தட்டை.

"சாமிக்கே சிரிப்பு தாங்கலை!" என்றாள் ஆ-கிம் அத்தை.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு பாம்புக்காக அழுகிறேன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். பாம்பு மட்டுமில்லை. இந்த வீட்டில் எனக்கென்று ஓர் ஆணிகூட அடித்ததில்லை. கடைக் கண்ணாடி எங்கே இருக்க வேண்டும் என்பதைக்கூட, சாமிக்கு நேராக வரக் கூடாது என்று சொல்லி, பக்கச் சுவரில் தரைவரைக்கும் மாமாதான் மாட்டினார். ஒன்றே ஒன்று கேட்டேன், அதற்கும் சாமி சிரிக்கிறாரா?

அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. காலையில் எழுந்தபோது புத்தி வந்தது. அனுபவசாலி என்று நானே சொன்னேனே, அனுபவசாலியிடம் யாராவது 'ஆமா இல்லை' என்று மட்டும் கேட்பார்களா? எங்கே தப்பு என்றல்லவா கேட்க வேண்டும்!

ஞாயிறு மத்தியானம், கடையில் யாரும் இல்லாத நேரம் மாமாவைப் பிடித்து நிறுத்தினேன். "இன்னைக்குக் கடைசி நாள், மாமா. துண்டு துண்டா கேப்போம். முதல்ல, பாம்புங்கற ஜாதியே சாமிக்கு ஆகாதான்னு கேளுங்க."

போட்டார். இரண்டும் புடைப்பு. இல்லை.

"பாத்தீங்களா! பாம்பு மேல கோபம் இல்லை!"

"ஏய், குதிக்காதே." ஆனால் அவரும் கட்டையைக் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"அப்ப ஏற்பாட்டுல ஏதாவது குறையான்னு கேளுங்க."

ஒன்று தட்டை, ஒன்று புடைப்பு. சரி.

மாமாவுக்கு இப்போது ஆர்வம் வந்துவிட்டது. வண்டியில் கோளாறு என்றால் கண்டுபிடிக்காமல் விட்டவரில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "சூடா?" இல்லை. "ஈரமா?" இல்லை. "எலியா?" சிரிப்பு. யோங்-மிங்கும் சிரித்தார். "பூட்டு, கதவு, அந்த மாதிரியா?"

சரி.

"பூட்டு நல்லாத்தானே இருக்கு!" என்று அறைக்கு ஓடினேன். மாமா என் பின்னால் வந்தார். அதுவரை அந்த அறை வாசலில் கால் வைக்காதவர். கண்ணாடிக் கதவை இழுத்துப் பார்த்தார், பூட்டை ஆட்டிப் பார்த்தார். பிறகு கூண்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். சூட்டுப் பாயின் ஒயர் வெளியே வரும் ஓட்டை அங்கே இருந்தது.

"என் ரெண்டு விரல் போகுது" என்றார். "குட்டிக்குத் தலை எவ்வளவு இருக்கும்?"

கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அது நேராக வெளியே வந்து, கடைக்குள் புகுந்து, ஆ-கிம் அத்தையின் கால் மேல் ஏறியிருக்கும். ஒரே நாளில் பாம்பும் போயிருக்கும், கடையும் போயிருக்கும்.

மாமா மாடிக்குப் போய் ஒரு துண்டு கறுப்பு ரப்பரோடு வந்தார். பஸ் கதவு விளிம்பில் ஒட்டுகிற ரப்பர். எதற்காக எடுத்து வைத்திருந்தாரோ. யோங்-மிங் வெட்டினார், மாமா அழுத்திச் சொருகினார். இப்போது ஒயரைத் தவிர ஊசிகூட நுழையாது.

"இப்பக் கேக்கலாம்" என்றார் மாமா. "மூணு தடவை."

முதல் தடவை, சரி. இரண்டாவது தடவை, சரி. மூன்றாவது தடவை ஒரு கட்டை அவர் காலடியில் தட்டையாக விழுந்தது. மற்றது தரையில் சுழன்று வழுக்கிக்கொண்டே கடைக்குள் போய், ஷாம்பு நாற்காலிக்கு அடியில் மறைந்தது.

மாமா மண்டியிட்டு, கன்னம் தரையில் பட நாற்காலிக்கு அடியில் பார்த்தார். நான் நின்ற இடத்திலிருந்து நாற்காலிக்கு அடிப்பகுதி தெரியவில்லை. ஆனால் பக்கச் சுவர்க் கண்ணாடி தரைவரைக்கும் இருக்கிறதே. அதில் பார்த்தேன். அதுவும் தட்டை. சாமி மறுபடி சிரித்துவிட்டார்.

மாமா கையை விட்டுக் கட்டையை எடுத்தார். முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"சரின்னு விழுந்திருக்கு" என்றார்.

யோங்-மிங் என்னைத் தூக்கிச் சுற்றினார். ஊதுபத்தி எரிந்து முடியும் வரை படையல் ஆரஞ்சில் கை வைக்காத மனிதர், சாமி முன்னால் பொய் சொல்லிவிட்டார்! யாருக்காக? நான் தலையைக் குனிந்துகொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வண்டியைக் கிளப்பும்போதுதான் ஹெல்மெட் ஞாபகம் வந்தது. திரும்பக் கடைக்குள் நுழைந்தபோது கூடத்தில் குரல் கேட்டது.

"ஐயா, நீங்க சிரிச்சது எனக்குத் தெரியும். நான் சரின்னு சொல்லிட்டேன். ஏழு வருஷத்துல அந்தப் பொண்ணு கேட்டது இது ஒண்ணுதான். காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டே வேலை செய்யறா. ஒரு நாள் முகம் சுளிச்சதில்லை. தப்புன்னா தண்டனையை எனக்குக் குடுங்க. இப்ப நேராக் கேக்கறேன். நான் செஞ்சது சரிதானா?"

கண்ணாடியில் பார்த்தேன். கட்டை விழுந்தது. ஒன்று தட்டை, ஒன்று புடைப்பு. எடுத்து மறுபடி போட்டார். ஒன்று தட்டை, ஒன்று புடைப்பு. மூன்றாவது தடவை போடுவதற்கு முன்னால் கட்டையை நெற்றியில் ஒற்றிக்கொண்டார். நான் ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

ஒன்று தட்டை, ஒன்று புடைப்பு.

மாமா நிமிர்ந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்கு நேரமில்லை, எனக்கும் இல்லை.

"என்ன நின்னுக்கிட்டிருக்கே? அந்தப் பையன் கடையை மூடிடுவான். போ, போ. வர்றப்ப மெதுவா ஓட்டு. பள்ளத்துல விடாதே, உள்ள இருக்கறது பச்சைக் குட்டி."

மெதுவாகத்தான் ஓட்டினேன். வழியெல்லாம் சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்களைப் பார்த்துச் சிரித்தேன். அவர்கள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். குட்டியைத் துணிப்பையில் போட்டு மார்போடு கட்டியிருந்தேன். கூண்டில் விட்டதும் அது நேராகச் சூடான பக்கத்துக் குகைக்குப் போகாமல் தண்ணீர்க் கிண்ணத்தில் ஏறிச் சுருண்டுகொண்டது. பழுப்பு நிறத்தில், கிண்ணத்தில் வைத்து வேகவைத்த அரிசிக்களி மாதிரியே இருந்தது. அந்தக் களிக்கு எங்கள் ஊரில் வா-குவே என்று பெயர். பாம்புக்கும் அதுவே பெயரானது.

ஆ-கிம் அத்தை வாசலுக்கு வந்துவிட்டாள். மிதிக்க மாட்டேன் என்றவள், மிதித்து, தாண்டி, அறை வாசல் வரை வந்துவிட்டாள். மாமா கையை நீட்டித் தடுத்தார்.

"கிட்டப் போகாதே. புது இடம் பழகற வரைக்கும் தொந்தரவு பண்ணக் கூடாது. கண்ணாடியைத் தட்டக் கூடாது. தெரியாதா உனக்கு?"

"இவரைப் பாருடி! நேத்துவரைக்கும் பாம்புன்னா வேர்த்தவர்!"

மாமா அதைக் காதில் வாங்கவில்லை. மூன்று ஊதுபத்தி ஏற்றினார். வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் சாமியிடம் பெயரும் முகவரியும் சொல்ல வேண்டும். நான் கல்யாணமாகி வந்த அன்றும் சொன்னார். 'யோங்-மிங்கின் மனைவி வந்திருக்கிறாள்' என்றார். அன்று என் பெயர் அதில் இல்லை.

"ஐயா" என்றார் மாமா, பஸ்ஸில் கடைசி இருக்கைக்கும் கேட்கிற குரலில். "பழைய உப்புச் சந்து, பதினேழாம் எண் வீடு. புதுசா ஒருத்தர் வந்திருக்கார். பேர் வா-குவே. கொண்டுவந்தது பெய்-யுன். எங்க வீட்டுப் பொண்ணு. ரெண்டு பேரையும் நல்லபடியாப் பாத்துக்குங்க."