முந்நூற்றுப் பன்னிரண்டு

புது மேனேஜரின் குரலையும் அவரைப் போனில் படுத்துகிற ஒரு பெண்ணின் குரலையும் அவள் அப்படியே பேசிக் காட்டியபோது சாப்பாட்டு மேசையில் ஒருத்தருக்குப் புரையேறிவிட்டது. தினமும் மத்தியானம் யாரோ ஒரு பெண் அவருக்குப் போன் செய்து, எடுத்ததும் எடுக்காததுமாக "சாப்ட்டீங்களாங்க?" என்று கேட்கிறாளாம். யார் வேண்டும் என்று அதட்டினால் பதறி வைத்துவிடுகிறாளாம். மறுநாள் அதே நேரம், அதே கேள்வி. மீட்டிங் நடுவே ஸ்பீக்கரில் அந்தக் குரல் வந்ததை, லைனைச் சரிபார்க்கப் போயிருந்த அவளே கேட்டாள்; மேனேஜர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் விழித்தார். "ஏதோ மறை கழண்ட கேசு போல" என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்துத்தான் அவள் கதையை முடித்தாள். அப்போதுதான் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்த, சரக்குக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் குடோன் அண்ணன், விஷயம் என்னவென்று தெரியாமலேயே எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தப் பெயின்ட் கம்பெனியின் தொலைபேசிகள் முழுக்க அவள் பொறுப்பு. இன்னொரு கம்பெனியை வாங்கி இதோடு சேர்த்தபோது அவளுக்குத்தான் தலைவலி வந்தது. இங்கே இருந்த எக்ஸ்டென்ஷன் எண்களில் பாதி அங்கேயும் இருந்தன. ஒரே எண்ணை இரண்டு மேசைக்குக் கொடுக்க மெஷின் ஒத்துக்கொள்ளாது. யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு இங்கே குடோனுக்கு, அங்கே மேனேஜருக்கு. மேனேஜர் தன் விசிட்டிங் கார்டில் அச்சடித்த எண்ணை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். குடோன் அண்ணனிடம் விசிட்டிங் கார்டே கிடையாது.

கீழ்த்தளத்துக்குப் போய்ப் புது எண்ணை அவருடைய போனில் ஒட்டியபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அந்தக் குடோனில் செல்போன் எடுக்காது. வீட்டிலிருந்து மனைவி பழைய எண்ணுக்குத்தான் கூப்பிடுவாள், அது வருமா? வெளியிலிருந்து அந்த எண்ணை அழுத்துகிறவர்களிடம் குடோனா, மேனேஜரா என்று கேட்கிற மாதிரி ஒரு குரலைப் பதிந்து வைத்துவிடுகிறேன், வீட்டில் எதுவும் சொல்ல வேண்டாம் என்று அவள் வாக்குக் கொடுத்தாள். ஐந்து நிமிட வேலைதான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்டது மறந்தும் போனது.

அந்த மத்தியானக் குரலை நிறுத்தச் சொல்லி மேனேஜர் கத்தியபோதும் அவளுக்கு அது நினைவுக்கு வரவில்லை. திரையில் தெரிந்த எண்ணைத் தேர்ந்தெடுத்து அடைத்தாள். இனி அந்த எண்ணிலிருந்து எப்போது கூப்பிட்டாலும் பிஸி என்றே கேட்கும். யாருடைய எண் என்று பார்க்கக்கூட இல்லை. மேனேஜர் நல்ல வேலை என்று பாராட்டினார். அந்தப் பாராட்டில் அன்றைக்கு முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காலையில் குடோன் அண்ணன் அவள் அறை வாசலில் வந்து தயங்கி நின்றார்.

"தங்கச்சி, பெரிய பட்டன் வச்ச போன் ஏதாச்சும் இருந்தா சொல்லும்மா."

மனைவிக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வந்து இப்போது வெறும் நிழல்தான் தெரிகிறதாம். விரல் பழக்கத்தில்தான் இத்தனை நாளும் போன் செய்துகொண்டிருந்தாள். இப்போது தானாகப் போன் போடவே மாட்டேன் என்கிறாள். எண்ணை அழுத்தினால் யார் யாரோ எடுத்துத் திட்டுகிறார்களாம், கண்ணோடு புத்தியும் போய்விட்டது என்று சொல்லி அழுகிறாளாம். அவரும் முதலில், தன் மேல் ஏதோ கோபத்தில்தான் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள் என்று நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நாளைக்கு ஞாபக மறதிக்குப் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப்போகிறாராம்.

அவள் வீட்டு எண்ணைக் கேட்டாள். அவர் சொல்லச் சொல்லத் தட்டினாள். அடைத்து வைத்த எண்களில் முதலாவதாக அது வந்து நின்றது. பதியாமல் விட்ட குரல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அண்ணே, லைன்ல கோளாறு. அண்ணி மேல ஒண்ணும் தப்பில்ல" என்றாள். நாக்கு அத்தனை சுலபமாகப் புரண்டதில் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அவரோ அவள் கையைப் பிடித்துக்கொள்ளாத குறையாக நன்றி சொன்னார். தான் சொன்னால் சமாதானத்துக்குச் சொல்வதாக நினைப்பாள், நீயே ஒரு வார்த்தை சொல்லிவிடு தாயே என்று கீழே அழைத்துக்கொண்டு போனார். அடைப்பை எடுத்துவிட்டு அவர் பின்னாலேயே படியிறங்கினாள். டின்கள் அடுக்கிய சந்தில் அவளுக்காக ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

மறுமுனையில் "அலோ" என்ற குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. மேசையில் எல்லாரையும் சிரிக்க வைத்த அதே குரல், அதே பதற்றம்.

"அண்ணி, நான் ஆபீஸ்ல போன் பாக்குறவ. நீங்க சரியாத்தான் அழுத்தியிருக்கீங்க."

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லியாம்மா?"

"இல்ல அண்ணி."

"அந்த சார்கிட்ட மன்னிச்சிடுங்க மன்னிச்சிடுங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவரு வச்சப்புறமும் சொன்னேன்" என்றாள் அண்ணி. குரலில் புகார் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். "அதுக்கப்புறம் எப்பப் பாத்தாலும் பிஸின்னே வந்துச்சே, அது ஏம்மா?"

லைன் கோளாறு என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பக்கத்தில் நின்றவர் சிரித்த முகத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அது நான்தான் அண்ணி. யாருன்னு விசாரிக்காம உங்க நம்பர அடைச்சு வச்சேன். அண்ணன்கிட்ட கொடுத்த வாக்கையும் மறந்துட்டேன்."

குடோன் அண்ணனின் தலையாட்டல் நின்றது. அவர் மனசுக்குள் ஒவ்வொன்றாக வந்து சேர்வதை அவளால் பார்க்க முடிந்தது.

"அன்னிக்குச் சாப்பிடுற எடத்துல பேசிக் காட்டுனியே," என்றார் மெதுவாக. "அது இவளையா?"

அவள் தலையசைத்தாள். அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"நானும் சிரிச்சேனே" என்றார் அவர்.

போனில் அண்ணி வைக்கிறேன் என்றது மட்டும் கேட்டது. ஆனால் வைத்த சத்தம் வரவில்லை. ரிசீவர் அதன் இடத்தில் சரியாக உட்காராமல் பக்கத்தில் எங்கோ கிடக்கிறது போலிருக்கிறது. நாற்காலி நகர்ந்தது. சுவரைத் தடவிக்கொண்டே போகிற வளையல் சத்தம் தூரமாயிற்று. குழாய் திறந்தது, நெடுநேரம் தண்ணீர் விழுந்தது. முகம் கழுவுகிறாள் போல. அந்த வீட்டுக்குள் காதை வைத்துக்கொண்டு நிற்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது. துண்டிக்கவும் கை வரவில்லை.

குடோன் அண்ணன் அவளைப் பார்க்காமல் கையை நீட்டினார். கொடுத்தாள். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, அவளுக்காகப் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கூப்பிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மூச்சுச் சத்தம்கூட அந்தப் பக்கம் போகாதபடி வாயைக் கையால் பொத்தியபடி, தன் வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.