பெட்டி மாறிய கார்டு

ஸ்கேனர் கம்பெனிப் பெண் எங்கள் ரெக்கார்டு ரூமுக்குள் நுழைந்ததும் மூன்று முறை தும்மினாள். கார் ஷோரூமின் முன்பக்கம் கண்ணாடியும் ஏசியும் புது சீட் வாசனையுமாக இருக்கும். பின்பக்கத்துக்கு நான். பதினாறு வருடத்து சர்வீஸ் கார்டுகள், வருடத்துக்கு நாலு பெட்டி, கூரை வரைக்கும். இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டன. இவளுடைய கம்பெனி எல்லாக் கார்டையும் ஏற்றி, கையெழுத்தைக்கூடப் படித்துத் தேடித் தரும். இன்னொன்று கடைசி மூன்று வருடத்தை மட்டும் ஏற்றிவிட்டு, மீதியைத் தூளாக்கிவிடும். எது வேண்டும் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். யார் என்ன காட்டினாலும் இரண்டாவதுதான் என்று முன்பே முடிவு செய்திருந்தேன்.

வம்பில்லாத பெட்டியாகப் பார்த்து நான் கொடுத்ததைப் போன வாரமே ஸ்கேன் செய்து வைத்திருந்தாள். முதலாளியம்மாவும் நானும் பார்த்துக்கொண்டிருக்க, 'வைப்பர்' என்று தட்டினாள். ஏழு கார்டுகள் வந்து நின்றன.

"பாத்தீங்களா மேடம், இந்த ஒண்ணு வேற வருஷத்தோடது. யாரோ பெட்டி மாத்தி வெச்சிருக்காங்க. எங்க சிஸ்டத்துல அது ஒரு பிரச்சினையே இல்ல. எங்க கிடந்தாலும் வண்டி நம்பரைத் தட்டினா வந்துரும்."

நான் கூரையோரப் பெட்டிகளைப் பார்த்தேன்.

"அப்போ நம்ம டாக்டரோட அந்தக் கார்டும் கிடைக்கும்ல?" என்றார் முதலாளியம்மா.

டாக்டர் எங்கள் பழைய மெக்கானிக். ஸ்க்ரூடிரைவரை இஞ்சின்மேல் வைத்து, மறுமுனையில் காதைக் கொடுத்துக் கேட்பார். அதனால் அந்தப் பெயர். என் மனைவியின் அண்ணன். ஒன்பது வருடங்களுக்கு முன்பு, அவர் பார்த்து அனுப்பிய வண்டி பிரேக் பிடிக்காமல் சுவரில் மோதி, ஓட்டிய டீச்சரின் கால் முறிந்தது. பிரேக் தேய்ந்ததை எழுதிக் கொடுத்தேன் என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். கார்டைக் காட்டு என்றார் அப்போது ஷோரூமை நடத்திய முதலாளியம்மாவின் அப்பா. கார்டு கிடைக்கவில்லை. டாக்டரின் வேலை போனது.

எழுதித்தான் கொடுத்திருந்தார். 'பின் பிரேக் பேட் மாற்றாமல் வண்டியை விடக் கூடாது.' கவுன்ட்டரில் இருந்தவன் நான். பேட் வர இரண்டு நாள் ஆகும். சொன்ன நேரத்துக்கு வண்டி கொடுப்பவன் என்ற பெயருக்காக அந்த மாதம் பறந்துகொண்டிருந்தேன். அந்த வரியை அடித்து, 'அடுத்த சர்வீஸில்' என்று கையெழுத்துப் போட்டேன். விபத்து நடந்த அன்று, முந்தைய வருடத்துப் பெட்டியில் கார்டைச் செருகினேன். எங்கள் அறையில் பெட்டி மாறிய கார்டு செத்த கார்டு.

"அது அப்பவே தொலைஞ்சு போச்சும்மா" என்றேன். முதல் தடவை இதைச் சொன்னபோது வார்த்தை தடுமாறியது. இந்தத் தடவை குரல்கூடப் பிசிறவில்லை. என்னை நினைத்து எனக்கே கேவலமாக இருந்தது.

"அந்தக் கார்டு மட்டும் இருந்திருந்தா அவரை அனுப்பியிருக்க மாட்டேன்னு அப்பா கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தார்." படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். "நீங்க எதை டிக் பண்றீங்களோ அதுதான். இந்த ரூமைப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

அவர்கள் போன பிறகு தனியாக நின்றேன். எந்தப் பெட்டி, எத்தனையாவது கட்டு என்பது எனக்கு அத்துப்படி. எடுத்துக் கிழித்தால் முடிந்தது. ஆனால் கிழிக்க வேண்டுமென்றால் அந்தக் கையெழுத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும். தூளாக்கும் கம்பெனி வந்தால் அதை நான் பார்க்க வேண்டியதில்லை. அவ்வளவுதான் என் வீரம். படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே டாக்டர் வந்துவிட்டார். தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். மாதம் ஒரு ஞாயிறு என் வண்டியைப் பார்க்க வருவார், கூப்பிட வேண்டியதில்லை. வேலை போன அன்றுகூடத் தங்கையிடம், "மாப்ளயைத் திட்டாத, அவன் எவ்வளவோ தேடிப் பார்த்தான்" என்று சொன்ன மனுஷன். அவரை நேராகப் பார்த்துப் பேசி ஒன்பது வருடம் ஆகிறது.

ஜாக்கி போட்டு, பின் சக்கரத்தைக் கழற்றி, வண்டிக்கு அடியில் படுத்தார். முழங்காலுக்குக் கீழேதான் தெரிந்தது.

"மாப்ள, பின்னாடி பேட் சுத்தமா தேஞ்சு போச்சு. தங்கச்சி போற வண்டிடா இது. மாத்தாம எடுக்காத."

"சரி மச்சான்."

"வாயால சொன்னா நீ மறந்துருவ. ஒரு பேப்பர் குடு, எழுதித் தரேன். இப்பல்லாம் நான் எதையும் எழுதிக் குடுத்து, நானும் ஒரு காப்பி வெச்சுக்கறது."

வண்டிக்கு அடியிலிருந்து அவர் கை நீண்டு வந்தது. என்னிடம் இருந்த ஒரே காகிதம் சட்டைப்பையில் இருந்த அந்தப் படிவம். இரண்டு கட்டங்களும் காலியாகவே இருந்தன.

"என்ன மாப்ள, தேடுறியா?"

கிரீஸ் அப்பிய விரல்கள் ஒருமுறை மடங்கி, மறுபடி விரிந்தன.