மணப்பெண், எஃப்.ஓ.பி. கொட்டாஞ்சேனை

என் அப்பா பொன்னம்பலம் புறக்கோட்டையில் ஏற்றுமதி செய்தார். மாமனார் சண்முகலிங்கம் இறக்குமதி. இந்த இரண்டு மேதாவிகளுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டது 1996இல், என் கல்யாணத்தன்று.

அந்த நாட்களில் கொழும்பில் தமிழர் எந்த வீட்டில் தங்கினாலும் வீட்டுக்காரர் பொலிஸில் பெயரைப் பதிய வேண்டும். அவர்தான் பொறுப்பு. பதிவில்லாமல் பிடிபட்டால் உள்ளே போக வேண்டியதுதான். கொட்டாஞ்சேனையில் தாலி ஏறியதும் அப்பா ஓடிப்போய் எங்கள் வீட்டுப் பதிவிலிருந்து என் பெயரை வெட்டுவித்துவிட்டு வந்தார். வெள்ளவத்தையில் மாமனாரோ, பொருள் வந்து சேராமல் பதியமாட்டாராம். இந்த அழகெல்லாம் எனக்குத் தெரியவந்தது, மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் வழியில், காலி வீதிச் சோதனைச் சாவடியில் எங்கள் வானை மறித்த பிறகுதான்.

டோரின் என்ற பொலிஸ்காரி, சார்ஜன்ட் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் கேட்டாள். "சார்ஜன்ட் கேக்கிறார், இந்தப் பொம்பிளைக்கு ஆர் பொறுப்பு?"

"இது எஃப்.ஓ.பி. கணக்கு, தங்கச்சி," என்றார் அப்பா. "கப்பலில ஏத்தினவுடன வித்தவன்ர பொறுப்பு முடிஞ்சுது. நான் வானில ஏத்திவிட்டிட்டன். இப்ப சும்மா வழியனுப்ப வந்தனான்."

மாமனார் பாய்ந்தார். "ஆர் எஃப்.ஓ.பி. எண்டு கதைச்சது? எங்கட வாசல்ல இறக்கும் வரைக்கும் அனுப்பினவர்தான் பொறுப்பு. சரக்கு இன்னும் வந்து சேரேல்லை!"

சரக்கு நான்தான். கூறைச்சேலையும் மாலையுமாக வியர்த்து வழிந்துகொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் வீதியில் இறங்கி, என்னை யார் காப்புறுதி செய்திருக்க வேண்டும் என்று சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள்.

பக்கத்தில் இருந்த புதுக் கணவரிடம், "நீங்களாவது சொல்லுங்கோவன்," என்றேன்.

"அப்பா கதைக்கிறார்தானே," என்றார்.

சார்ஜன்டுக்குப் பொறுமை போய்விட்டது. பின் சீற்றில் இருந்த என் சீதனப் பெட்டியைக் காட்டி ஏதோ சொன்னார். டோரின் எங்களுக்குச் சொன்னாள். "ஆரும் பொறுப்பில்லையெண்டா பொம்பிளையை ஸ்டேசனுக்குக் கொண்டுபோறம். அந்தப் பெட்டியையும்."

"பெட்டி எங்கட!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அப்போது என் கணவர் வானிலிருந்து குதித்தார். அப்பாடா, ஒருவருக்காவது ரோசம் வந்ததே என்று எனக்கு உயிர் வந்தது. அவர் நேரே பின்பக்கம் போய், பெட்டியின் ஒரு கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நான் இறங்கி, டோரினோடு போய்ப் பொலிஸ் ஜீப்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"போவம்," என்றேன்.